தோலின் வடிவம்: சென்னை முச்சுருளும் உயிரணுவின் பிடியும்

பௌர்ணமி இரவு கழிந்த விடியலில், வேலூர்ச் சாலையில் வேங்கிக்கால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களின் பாதங்களைச் சற்றே கவனித்தால் ஒன்று விளங்கும். பதினான்கு கிலோமீட்டர் தூரம் மலையை வெறுங்காலால் சுற்றி வந்தவர்களில் பலர் செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் பிடித்தபடி நிற்பார்கள். உள்ளங்காலில் கொப்புளம். நடைப் பழக்கம் இல்லாதவருக்குத் தார்ச்சாலையும் கருங்கல்லும் தரும் பரிசு அது.

கொப்புளம் என்பது என்ன? தோலின் மேலடுக்கில் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கும் உயிரணுக்கள், தொடர்ந்த உராய்வினால் பிடியை விடுகின்றன. விட்ட இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறு நோவில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. நம் உடல் உயிரணுக்களால் ஆனது என்று பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மையே. உயிரணுக்கள் ஒன்றையொன்றும், தம்மைச் சூழ்ந்திருக்கும் நார்களையும் பற்றிக்கொண்டிருப்பதால்தான் அவை உடலாகின்றன. பற்று விட்டால் மிஞ்சுவது கூழ்.

உயிரணு எதைப் பற்றுகிறது, எதனால் பற்றுகிறது என்னும் வினாவுக்கு விடை தேடிய வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீளமுடையது. அதன் முதன்மையான அத்தியாயங்களுள் ஒன்று சென்னையில் எழுதப்பட்டது. ஜி.என். இராமச்சந்திரன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள்: நோபல் பரிசு கிடைத்திருக்க வேண்டிய மனிதர். அந்த அங்கலாய்ப்போடு பேச்சு முடிந்துவிடும். அவர் எதைக் கண்டார், அது ஏன் முக்கியம், அந்தக் கண்டுபிடிப்பு எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்ற கேள்விகளுக்குள் நாம் போவதே இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விகளைத் தொடும் முயற்சி.

வச்சிரமும் கொலாஜனும்

பழைய தச்சர் பட்டறைகளில் மரத்தோடு மரத்தை ஒட்ட வச்சிரம் காய்ச்சுவார்கள். மாட்டுத் தோலையும் நரம்பையும் நீரில் நெடுநேரம் கொதிக்கவைத்து எடுக்கும் பசை அது. கிரேக்கர்களும் இதே வேலையைச் செய்தார்கள். அவர்கள் மொழியில் பசைக்குக் 'கொல்லா' என்று பெயர். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருந்துகொண்டு, கொதிக்கவைத்தால் பசையாக மாறும் பொருளுக்கு ஐரோப்பியர் 'கொலாஜன்' என்று பெயரிட்டனர். பசையை உண்டாக்குவது என்பது அதன் பொருள். நம் தச்சர்கள் கைப்பழக்கமாக அறிந்திருந்ததைத்தான் அந்தப் பெயரும் சொல்கிறது.

கொலாஜன் ஒரு புரதம். பாலூட்டிகளின் உடலில் உள்ள புரதங்களிலேயே மிகுதியானது இதுவே. மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய கால்பங்கு. உயிரணுக்களுக்கு வெளியே, அவற்றைச் சுற்றிலும் நாராகப் பின்னிக் கிடக்கிறது. கூரை வேய்பவருக்கு மூங்கிற்சட்டம் எப்படியோ அப்படி உயிரணுவுக்கு இது.

இந்த நாரை வேறு எவரையும்விட நெருக்கமாக அறிந்திருந்தவர்கள் தோல் பதனிடுவோர். வேங்கிக்கால் இன்று திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள ஊர். ஆனால் 1989 செப்டம்பர் வரை இப்பகுதி முழுதும் வடஆர்க்காடு மாவட்டம். அந்தப் பழைய மாவட்டத்தின் பாலாற்றுப் பகுதி ஊர்களான இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகியவை தோல் தொழிலுக்குப் பேர்பெற்றவை. சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையும் கடுக்காயும்தான் அந்தத் தொழிலின் பழைய மருந்துகள். பட்டையின் துவர்ப்புச் சத்து கொலாஜன் நார்களுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிணைத்துவிடுகிறது. பிணைந்த நாரை நுண்ணுயிர்களால் எளிதில் அரிக்க முடிவதில்லை. வெப்பமும் அதை அவ்வளவு எளிதாகக் குலைப்பதில்லை. பச்சைத் தோலை நீரிலிட்டுச் சூடேற்றினால் அறுபது டிகிரி செல்சியசைத் தாண்டியதும் சுருண்டுபோகும். பின்னாளில் வந்த குரோமிய முறையில் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும்.

இந்த அறிவைக் கையில் வைத்திருந்தவர்கள் யார்? செத்த மாட்டை உரித்தவர்கள், சுண்ணாம்புக் குழியில் இறங்கி மயிர் நீக்கியவர்கள், பட்டைத் தொட்டியில் தோலைப் புரட்டியவர்கள். நம் சமூகம் அவர்களை ஊருக்கு வெளியே வைத்தது, தொடக்கூடாதவர் என்றது. தோல் தந்த வருவாயைத் தொட எவருக்கும் தயக்கம் இருக்கவில்லை. இவ்வரலாற்றைப் பேசுகையில் இதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது.

1952: ஒரு கேள்வி வந்து சேர்கிறது

1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியத் தோல் தொழில் இல்லையேல் அப்படியொரு நிறுவனம் சென்னைக்கு வந்திருக்காது. அதற்கு அண்மையில், கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை வளரத் தொடங்கியது. துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் துறைத் தலைமைக்கு சி.வி. இராமனை அழைத்தார். இராமன் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். அப்படி 1952இல், முப்பது வயதை ஒட்டிய இராமச்சந்திரன் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

அவருடைய பெயரின் முதலெழுத்து திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். பிறந்தது 1922 அக்டோபர் 8, எர்ணாகுளத்தில். திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்று, பிறகு கேம்பிரிட்ஜ் சென்று 1949இல் திரும்பியவர். படிகங்களின் ஊடாக எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறும் புள்ளிக் கோலத்திலிருந்து உள்ளே அணுக்கள் நிற்கும் ஒழுங்கை உய்த்துணர்வது அவருடைய கலை.

அவ்வாண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற படிகவியலாளர் ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். உரையாடலின் நடுவே, கொலாஜனின் வடிவம் இன்னும் எவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் ஒரு வடிவத்தை முன்மொழிந்திருந்தனர். அது பொருந்திவரவில்லை. புரத வடிவங்களின் மேதை எனப்பட்ட பாலிங்கே தவறிய இடம் அது.

இராமச்சந்திரன் அக்கேள்வியைப் பற்றிக்கொண்டார். ஆய்வுக்குத் தூய கொலாஜன் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? அண்டையிலிருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில். அங்கிருந்து வந்தது கங்காருவின் வால் தசைநார். நீண்டு, நேராக, ஒரே திசையில் ஒழுங்குபட்ட நார் அது. எக்ஸ் கதிர்ப் படத்துக்கு வாகானது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்த படங்களிலிருந்து ஒரு வடிவம் துலங்கியது. 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் முதற்கட்டுரை வெளிவந்தது. 1955 செப்டம்பரில் அதைத் திருத்திச் செப்பமாக்கிய இரண்டாம் கட்டுரை வந்தது.

மூன்று புரி

அவர்கள் கண்டது முச்சுருள். மூன்று புரதச் சங்கிலிகள்; ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கமாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. புரியை ஒரு பக்கம் முறுக்கி, புரிகளைச் சேர்க்கையில் மறுபக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாது. ஒரு கொலாஜன் மூலக்கூறின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு. அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளன.

இராமச்சந்திரனுக்குத் துப்புக் கொடுத்தது ஒரு கணக்கு. கொலாஜனைச் சிதைத்துப் பார்த்த வேதியியலாளர்கள் அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்று கண்டிருந்தனர். கிளைசின் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. மூன்று சங்கிலிகள் நெருங்கி முறுக்கிக்கொள்ளும்போது நடுவில் இடமே இருக்காது. அந்த இடுக்கில் அடங்கக்கூடியது கிளைசின் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அதுவே வரவேண்டும். எண்ணிக்கை வடிவமாகிற தருணம் இது.

இந்த ஒழுங்கு எவ்வளவு கறாரானது என்பதைப் பின்னர் மருத்துவம் மெய்ப்பித்தது. ஆயிரம் இடங்களில் ஒரே ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் பருத்த அமிலம் ஒன்று வந்துவிட்டாலும் முச்சுருள் நெளிந்துபோகக்கூடும். தும்மினாலே எலும்பு முறியும் அளவுக்கு வலுவிழந்த குழந்தைகள் பிறப்பது இதனால்தான். வைட்டமின் சி குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசிவதற்கும் இதில்தான் காரணம் இருக்கிறது. புரோலின் என்னும் அமிலத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு கூட்டு இணைந்தால்தான் முச்சுருள் உடல் வெப்பத்தில் உறுதியாக நிற்கும். அந்த இணைப்பு வேலைக்கு அந்த வைட்டமின் தேவை.

சென்னை வடிவத்துக்கு உடனே மறுப்பும் வந்தது. 1955 இறுதியில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், முச்சுருள் என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டே, சென்னைக்காரர்களின் வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர். மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றார் இராமச்சந்திரன். ஒன்றுதான் இருக்கமுடியும் என்றனர் அவர்கள். 1994இல் கொலாஜனை ஒத்த சிறு புரதத்தின் படிகம் அணு அணுவாகக் காணப்பட்டபோது, நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதும், நீர் மூலக்கூறுகள் வலையாகச் சூழ்ந்து வடிவத்தைத் தாங்குகின்றன என்பதும் தெளிவாயின. பிணைப்பின் எண்ணிக்கையில் ரிச்–கிரிக் பக்கமே சரியாக இருந்தது. முச்சுருளின் அடிப்படை சென்னையினுடையதாகவே நிலைத்தது.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை இராமச்சந்திரன் விட்டுவிடவில்லை. அதுவரை தெரிந்த படிகங்களிலெல்லாம் அணுக்களுக்கிடையே உள்ள மிகக் குறைந்த இடைவெளிகளை அவர் குழு திரட்டியது. அதன் பயனாக, சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வரைபடம் உருவாயிற்று. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எங்கே வளையமுடியாது என்பதைச் சொல்லும் அந்த இராமச்சந்திரன் வரைபடத்தை இன்றும் உலகின் புரத ஆய்வகங்கள் எல்லாம் பயன்படுத்துகின்றன. மறுப்பைக் கேட்டு முகம் சுளித்திருந்தால் அந்த வரைபடம் பிறந்திராது.

உயிரணுவின் கை

இவ்வளவும் உயிரணுவுக்கு வெளியே கிடக்கும் நாரைப் பற்றியது. அக்காலத்தில் பலருக்கும் அந்த நார் வெறும் அடைசல்தான். உயிர் உயிரணுவுக்குள் இருக்கிறது, வெளியே இருப்பது சாந்து. இதற்கு எதிரான குறிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்திருந்தன. 1907இல் எச்.வி. வில்சன், கடற்பஞ்சைச் சல்லடையில் பிழிந்து தனித்தனி உயிரணுக்களாக்கினார். அவை மீண்டும் தேடிச் சேர்ந்து பஞ்சாயின. சென்னையின் இரண்டாம் கட்டுரை வந்த அதே 1955இல், டவுன்சும் ஹோல்ட்ஃபிரட்டரும் தவளையினக் கருக்களின் உயிரணுக்களைப் பிரித்துக் கலந்தார்கள். அவை தம் இனத்தோடு இனமாகப் பிரிந்து அடுக்கிக்கொண்டன. உயிரணு கண்டதையெல்லாம் பற்றுவதில்லை, தெரிந்தெடுத்தே பற்றுகிறது என்பது புலப்பட்டது. எந்தக் கையால் என்பது புலப்படவில்லை.

கை அகப்பட்டது 1980களில். உயிரணுவைச் சூழ்ந்த வலையில் கொலாஜனோடு ஃபைப்ரோனெக்டின் என்னும் புரதமும் உண்டு. அதன் சங்கிலி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களின் கோவை. அதில் உயிரணு பிடித்துக்கொள்வது அடுத்தடுத்த மூன்றே மூன்று அமிலங்களை என்று 1984இல் பியர்ஷ்பாக்கரும் எர்க்கி ருவோஸ்லாட்டியும் காட்டினர். 1986இல் ரிச்சர்ட் ஹைன்சின் குழு, அவ்வாறு பற்றும் புரதத்துக்கு இன்டெக்ரின் என்று பெயரிட்டது. உள்ளையும் புறத்தையும் ஒன்றிணைப்பது என்ற பொருளில் இட்ட பெயர்.

இன்டெக்ரின் இரு சங்கிலிகளால் ஆனது. உயிரணுவின் சவ்வை ஊடுருவி நிற்கிறது. அதன் தலை வெளியே நாரைப் பற்றுகிறது. கால் உள்ளே, டாலின் முதலிய புரதங்களின் துணையோடு, உயிரணுவின் உட்சட்டமான ஆக்டின் இழைகளோடு கட்டுண்டிருக்கிறது. வெளியே நார் இழுபட்டால் உள்ளே செய்தி போகிறது. உள்ளிருந்து உத்தரவு வந்தால் வெளியே பிடி இறுகுகிறது அல்லது தளர்கிறது. மனிதரில் இவ்வாறு 24 வகை இன்டெக்ரின்கள் உள்ளன. இத்துறையைத் திறந்த ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி, டிமதி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022இல் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

சென்னைக் கதை இவ்விடத்தில் மீண்டும் வந்து சேர்கிறது. கொலாஜனைப் பற்றும் இன்டெக்ரின்கள் எதைப் பிடிக்கின்றன? 2000ஆம் ஆண்டில் அந்தப் பிடியைப் படிகமாக்கிப் படம் பிடித்தார்கள். கொலாஜனின் ஒரு குறிப்பிட்ட ஆறு அமில வரிசையில், குளுட்டாமிக் அமிலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஓர் உலோக அயனியை நடுவில் வைத்து இன்டெக்ரின் பற்றுகிறது. ஆனால் வரிசை மட்டும் போதாது. மூன்று சங்கிலிகளும் முறுக்கி நிற்கவேண்டும். சூடேற்றி முறுக்கைப் பிரித்துவிட்டால் எழுத்துகள் அப்படியே இருக்கும், இந்த இன்டெக்ரின்களுக்கு அந்த இடம் பிடிபடாது. தச்சரின் வச்சிரத்தில் அமிலங்களின் வரிசை இருக்கிறது, வடிவம் இல்லை. உயிரணு வாசிப்பது வடிவத்தை. 1954, 1955இல் கிண்டியில் கண்ட முச்சுருள்தான் உயிரணுவின் கை தேடும் கைப்பிடி என்பது, கிட்டத்தட்ட நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து உறுதியாயிற்று. 2001 ஏப்ரல் 7 அன்று இராமச்சந்திரன் மறைந்தார்.

பிடி விட்டால்

இது ஏட்டறிவு மட்டுமன்று. வேங்கிக்கால் வழியாகச் செல்லும் சாலை வேலூருக்குப் போகிறது. தீராத இரத்தப்போக்கோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்புற ஊர்களின் பெற்றோர் செல்லும் சாலையும் அதுவே. 1918இல் கிளான்ஸ்மான் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் விவரித்த நோய் ஒன்று உண்டு. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று சேரமாட்டா. பல் விழுந்தாலும் இரத்தம் நிற்காது. காரணம், தட்டணுவின் மேலிருக்கவேண்டிய ஓர் இன்டெக்ரின் இல்லாமை அல்லது பழுது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே இந்நோய் தோன்றும். அதனால் நெருங்கிய உறவில் மணம் செய்யும் சமூகங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தென்னிந்திய நோயாளிகள் 42 பேரைப் பற்றிய அறிக்கை 1981இலேயே மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்டெக்ரின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவைப் போற்றும் நாம், அந்த உறவின் விலையையும் அறிந்திருக்கவேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பற்றுக்கோட்டை இழந்த இயல்பான உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. 1994இல் இதற்கு 'அனோய்க்கிஸ்' என்று பெயரிட்டனர். கிரேக்கத்தில் வீடின்மை என்ற பொருள் தரும் சொல். புற்றுநோய் உயிரணு இந்த விதியை மீறுகிறது. பிடி விட்டபின்னும் சாகாமல் இரத்தத்தில் மிதந்து போய் வேறொரு உறுப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஓரிடத்துப் புற்று உடலெங்கும் பரவுவது பெரிதும் இந்த மீறலால்தான்.

யாருடைய கண்டுபிடிப்பு

முச்சுருள் இராமச்சந்திரனும் கர்த்தாவும் கண்டது. அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கண்டுபிடிப்பு தனித்து நிற்பதில்லை. பெர்னாலின் கேள்வி, பல்கலைக்கழகத்தின் இடம், அண்டை நிறுவனம் கொடுத்த தசைநார், கேம்பிரிட்ஜின் மறுப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதை ஆக்கின. அந்த அண்டை நிறுவனம் சென்னையில் அமைந்ததற்குப் பின்னால் ஒரு தொழில் இருந்தது. அத்தொழிலின் பின்னால் சுண்ணாம்புக் குழியில் வெந்த கால்களும் ஆவாரம்பட்டையில் கறுத்த கைகளும் இருந்தன. பின்னாளில் அதே தொழிலின் கழிவு பாலாற்றைக் கெடுத்து, 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிடும் நிலையும் வந்தது. குழியில் நின்றவர்களின் பிள்ளைகளே அந்த நீரையும் குடித்தார்கள்.

பரிசு வராமற்போனதை எண்ணி ஏங்குவது எளிது. அந்த ஏக்கத்தில் அறிவியலும் இல்லை, வரலாறும் இல்லை. 1955இன் மறுப்பை இராமச்சந்திரன் எப்படி எதிர்கொண்டார் என்பதும், வெறும் நார் என்று ஒதுக்கப்பட்டதன் வடிவமே உயிரணுவின் பற்றுக்கோடு என்று தெரிய எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதும் நம் மாணவர்கள் அறியவேண்டியவை. அவற்றோடு, வடஆர்க்காட்டின் தோல் தொட்டிகளில் நின்றவர்களுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. இனி முச்சுருளைப் பற்றித் தமிழில் எழுதுபவர் எவராயினும், அவர்களைப் பற்றி ஒரு வரியேனும் சேர்த்து எழுதவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.